பெருங்காயம் இருந்த டப்பா

எங்கள் வீட்டில் மாவு சலிக்க இரண்டு சல்லடைகள் உண்டு. ஒன்று, அம்மா கல்யாணமாகி வரும்போது கொண்டுவந்த பித்தளை வளையம் போட்ட பழைய சல்லடை. அது இப்போது செய்தித்தாளில் சுற்றிப் பரணில் கிடக்கிறது. இன்னொன்று எவர்சில்வர். அதன் வளையத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். சிவப்பு நூல் கட்டியது எல்லாம் பாப்பாவுடையது: ஒரு தோசைக்கல், ஒரு வாணலி, இரண்டு கரண்டி, ஒரு இடியாப்ப உழக்கு. வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ வேண்டுதல் போல என்று நினைத்துக்கொள்வார்கள். நாங்களும் திருத்துவதில்லை. வேண்டுதல் என்றால் தள்ளி நிற்பார்கள். வியாதி என்றால் வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

பாப்பாவுக்கு இப்போது பத்து வயது. அவளுக்குச் சீலியாக் நோய் இருக்கிறது, நிலக்கடலை ஒவ்வாமையும் இருக்கிறது. குழந்தையாக இருந்தபோது முட்டையும் சேராமல் இருந்தது, நாலு வயதில் அது தானாகப் போய்விட்டது. பல குழந்தைகளுக்கு முட்டை அப்படித்தான் போகும் என்றார் டாக்டர். மற்ற இரண்டும் போகவில்லை.

உறவுக்காரர்களிடம் இரண்டையும் சேர்த்து ‘அலர்ஜி’ என்றே சொல்லி வைத்திருக்கிறோம். உண்மையில் இரண்டுக்கும் சம்பந்தமில்லை. கடலையைத் தின்றால் சில நிமிடங்களில் உடம்பு தடித்து, மூச்சு அடைக்கும். சீலியாக் அலர்ஜியே கிடையாது. கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன்னுடைய சிறுகுடலையே தாக்க ஆரம்பிக்கிறது. அது வெளியே தெரிய மாதங்கள் ஆகலாம், சில சமயம் வருடங்களும் ஆகலாம். கடலை பாம்பு, கோதுமை கரையான். பாம்புக்குப் பயப்படச் சொன்னால் ஊரே கேட்கிறது. கரையானைப் பற்றிச் சொன்னால் ‘என்ன, கண்ணுக்கே தெரியலையே’ என்கிறார்கள்.

பாம்பைத்தான் முதலில் பார்த்தோம். பாப்பாவுக்கு மூன்று வயது. தங்கை வீட்டுக்காரர் கோவில்பட்டிப் பக்கம் போய்விட்டு வந்தவர் கடலை மிட்டாய் வாங்கி வந்திருந்தார். அதில் அரைத் துண்டு கடித்திருப்பாள். பத்து நிமிடத்துக்குள் உதடு வீங்கியது. கழுத்தில், வயிற்றில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. ஒரு வாந்தி. அப்புறம் ஒரு இருமல். அந்த இருமல் சத்தம் அவளுடையதாகவே இல்லை, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனதும் ஒரு நர்ஸ் தொடையில் ஊசி போட்டார். அட்ரினலின். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகி, என் சட்டைக் காலரைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள். அன்று இரவு அங்கேயே இருக்கச் சொன்னார்கள். அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரம் கழித்துத் திரும்ப வருவதும் உண்டாம்.

மேல்நாடுகளில் பேனா மாதிரி ஒரு தயார் ஊசி இருக்கிறது. அந்த நேரத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு மில்லி ஆம்பூலும் மெல்லிய சிரிஞ்சும்தான். ஆயிரத்துக்கு ஒன்று என்ற கரைசலில், குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 0.01 மில்லி. அன்று பாப்பாவின் எடை 11 கிலோ. டாக்டர் சிரிஞ்சில் பேனாவால் கோடு போட்டுக் காட்டி, ஆம்பூலின் கழுத்தை உடைத்து மருந்தை உறிஞ்சக் கற்றுக்கொடுத்தார். நானும் மனைவியும் வீட்டில் சாத்துக்குடியைக் குத்திக் குத்திப் பழகினோம். தடிப்புக்குக் கொடுக்கும் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், மூச்சு மாறினால் முதலில் ஊசி, அப்புறம்தான் மற்றதெல்லாம் என்பதை அவர் மூன்று முறை சொன்னார். மருந்தை 25 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறது. திருச்சியில்! சித்திரை மாதத்தில் எங்கள் உறையூர் வீட்டில் குடிதண்ணீரே வெந்நீர்தான். வாயகன்ற ஒரு பிளாஸ்க் வாங்கினோம். அவள் எங்கே போனாலும் அதுவும் கூடவே போகிறது.

கடலை விஷயத்தில் எங்களுக்குப் பெரிய எதிரி தமிழ்தான் என்று நான் சொல்வதுண்டு. நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன், சொல்லை வைத்துப் பிழைக்கிறவன். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. ‘கடலை ஒத்துக்காது’ என்று சொல்லிப் பாருங்கள். ஒருவர் கொண்டைக்கடலைச் சுண்டலை எடுத்து ஒளித்துவைப்பார். இன்னொருவர் கடலை மாவு பஜ்ஜியைத் தரமாட்டார். மூன்றாமவர் பொட்டுக்கடலைச் சட்னி வேண்டாம் என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு நிலக்கடலைச் சட்னியை ஊற்றுவார். பாப்பாவுக்கு முதல் மூன்றும் சேரும், கடைசி ஒன்றுதான் சேராது. விழுப்புரம் பக்கம் போனால் அதன் பெயரே மல்லாட்டை. மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆனது என்பார்கள். அந்த ஊரில் போய் ‘வேர்க்கடலை இருக்கா’ என்று கேட்டால் இல்லை என்று மனசாரச் சொல்வார்கள், மல்லாட்டைதானே இருக்கிறது. எண்ணெயிலும் இதே கதை. நன்றாகச் சுத்திகரித்த கடலெண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது. செக்கில் ஆட்டியதில் இருக்கும். ‘கெமிக்கல் எண்ணெய் எதுக்கு, நல்ல செக்கெண்ணெயில பொரிச்சேன், தைரியமா சாப்பிடச் சொல்லு’ என்று அன்பாகச் சொல்பவரிடம் என்ன பதில் சொல்வது?

சரி, கரையானுக்கு வருகிறேன்.

பாப்பாவுக்கு எட்டு மாதம் ஆனதிலிருந்து அம்மா சத்து மாவுக் கஞ்சி கொடுத்து வந்தார். கடையில் வாங்கிய மாவு இல்லை. கேழ்வரகை முளைகட்டி, கம்பைப் புடைத்து, சம்பா கோதுமை, பார்லி, பச்சைப்பயறு, பொட்டுக்கடலை, ஏலக்காய் என ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்து, மொட்டை மாடியில் காயவைத்து, மில்லில் அரைத்து, அந்தப் பித்தளைச் சல்லடையில் இரண்டு முறை சலித்து வைப்பார். நிலக்கடலை மட்டும் சேர்க்கமாட்டார், சின்னக் குழந்தைக்குப் பித்தம் என்று. காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். என்னையும் தங்கையையும் அதே கஞ்சியில்தான் வளர்த்தார்.

கஞ்சி குடித்த பிள்ளை மெலிந்துகொண்டே போனாள். கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. மலம் வெளுத்து, நிறைய, நாற்றமாகப் போகும். எப்போதும் அழுகை. பூச்சி மாத்திரை கொடுத்தோம். இரும்பு டானிக் கொடுத்தோம். அம்மா பக்கத்து ஊருக்குக் கூட்டிப்போய் தொக்கம் எடுத்து வந்தார். எடுத்தவர் வெற்றிலையில் ஏதோ ஒரு வெள்ளைத் துணுக்கைக் காட்டி ‘இதுதான் அடைச்சுக்கிட்டிருந்தது’ என்றாராம். திரும்பி வந்த அன்று அம்மா கஞ்சியில் இன்னும் ஒரு கரண்டி மாவைக் கூடுதலாகக் கரைத்தார், அடைப்புதான் போயிற்றே என்று.

ஐந்து வயதில் எடை பன்னிரண்டரைக் கிலோ, ஹீமோகுளோபின் 7.4. புதிதாகப் பார்த்த ஒரு குழந்தை மருத்துவர் டானிக் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆறு மாசமா ஒழுங்கா குடிச்சும் ரத்தம் ஏறலேன்னா, குடிக்கிறது எங்க போகுதுன்னுதான் பார்க்கணும்” என்றார். கோதுமையை நிறுத்திப் பார்க்கட்டுமா என்று கேட்டேன், எங்கோ படித்திருந்தேன். பதறிவிட்டார். பரிசோதனை முடியும்வரை நிறுத்தவே கூடாதாம். நிறுத்தினால் ரத்தத்தில் தேடுகிற எதிரணுக்கள் குறைந்து, இருக்கிற நோய் இல்லாதது போலக் காட்டிவிடும். ரத்தத்தில் அந்த எதிரணுக்களை அளக்கும் டிடிஜி பரிசோதனை, கூடவே ஐஜிஏ என்ற வகை எதிரணுக்களின் மொத்த அளவு, அப்புறம் எண்டோஸ்கோப்பி செய்து குடலிலிருந்து அரிசி மணி அளவுக்குச் சில திசுத் துணுக்குகள்.

முடிவு வந்த அன்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். சிறுகுடலின் உள்பக்கம் குடலுறிஞ்சிகள் என்று விரல் விரலாக நிற்கும், சாப்பாட்டின் சத்தை உறிஞ்சுவது அவைதான். பாப்பாவுக்கு அவை தேய்ந்து தரையோடு தரையாகிவிட்டன. நான் புரியாமல் பார்த்ததும் அவர் தன் நாற்காலியில் கிடந்த தேங்காய்ப்பூத் துண்டைத் தொட்டுக் காட்டினார். “புதுத் துண்டு தண்ணிய எப்படி இழுக்கும்? இதையே பத்து வருஷம் அடிச்சுத் துவைச்சு, பூவெல்லாம் போன பிறகு துடைச்சுப் பாருங்க.” இன்றும் கொடியில் காயும் துண்டைப் பார்த்தால் எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வருகிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கோதுமை கூடாதாம் என்றேன். “நாம எங்கடா கோதுமை சாப்பிடறோம்? வாரத்துல ஒரு நாள் சப்பாத்தி” என்றார். பார்லியும் கூடாதாம் என்றேன். அவர் அடுக்களைப் பக்கம் பார்த்தார். சத்து மாவு டப்பா மேல் தட்டில் இருந்தது. நான் வேறு எதுவும் சொல்லவில்லை. அன்றிரவு சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். நள்ளிரவுக்கு மேல் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோது இருட்டில் உட்கார்ந்திருந்தார். “நான்தான் புள்ளைக்கு ஊட்டி ஊட்டிக் கெடுத்தேனா?”

உங்களுக்குத் தெரியாதும்மா, யாருக்குமே தெரியாது என்றேன். சமாதானத்துக்காகச் சொன்னதுதான், ஆனால் பின்னால் படித்தபோது அது உண்மையாகவே இருந்தது. இந்த நோய்க்குக் காரணம் கோதுமைதான் என்று உலகம் ஒப்புக்கொண்டு நூறு வருடம்கூட ஆகவில்லை. 1924-ல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்ற மருத்துவர் இப்படி மெலிந்த குழந்தைகளுக்கு வாழைப்பழத்தைக் கொடுத்துத் தேற்றினார். பழத்தின் மகிமை என்றே பல காலம் நினைத்தார்கள். பழம் வந்த இடத்தில் ரொட்டி போனதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்கு 1930-களிலேயே கோதுமை மேல் சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில், 1944-45 குளிர்காலத்தில், அந்த நாட்டில் பெரும் பஞ்சம். ஜனங்கள் துலிப் கிழங்கைத் தின்றார்கள். ஊரெல்லாம் மெலிந்த அந்தக் காலத்தில் ரொட்டி கிடைக்காத சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் அவர்கள் மறுபடி சரிந்தார்கள். 1950-ல் டிக்கே இதை ஆய்வேடாக எழுதினார். அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். வாழைப்பழம் வரைக்கும் கவனமாகக் கேட்டார். “பஞ்சத்துல பொழைச்ச புள்ளைங்களா!” என்றார். அவ்வளவுதான் பேசினார்.

கடலை விஷயத்தில் இதற்கு நேர் எதிராக ஒன்று இருக்கிறது. அதை அம்மாவிடம் நான் சொன்னதே இல்லை. 2015-ல் லண்டனில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒவ்வாமை வரும் ஆபத்து அதிகமுள்ள கைக்குழந்தைகளுக்கு, ஒரு வயது முடிவதற்குள்ளேயே கடலையைப் பக்குவமாகக் கொடுக்க ஆரம்பித்து ஐந்து வயது வரை விடாமல் கொடுத்தால், கடலை ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்கு குறைகிறது என்று அதில் தெரிந்தது. பித்தம் என்று அம்மா தள்ளிவைத்ததைக் கொடுத்திருக்கலாம், ஊட்டம் என்று கொடுத்ததைத் தள்ளிவைத்திருக்கலாம். இதை எழுதும்போதே அபத்தமாக இருக்கிறது. எந்தப் பாட்டிக்கு இது தெரிந்திருக்கும்?

தெற்கே இந்த நோய் அபூர்வம் என்று எல்லோரும் சொன்னார்கள், அது சரிதான். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்திருந்தார்கள். ரத்தத்தில் இந்த நோயின் எதிரணுக்கள் இருந்தவர்கள் வடக்கே நூறு பேரில் 1.23, வடகிழக்கில் 0.87, தெற்கே 0.10. ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு மூன்று பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. வேறுபட்டது தட்டு. வடக்கே ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். அதாவது அரிசி நம்மைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் அந்த அரிசியே எங்களை ஏமாற்றவும் செய்தது. ரவை உப்புமாவும் சேமியாப் பாயசமும் கேசரியும் பரோட்டாவும் வீட்டுக்குள் வந்து எத்தனையோ காலம் ஆன பிறகும் நாம் நம்மை அரிசிச் சாப்பாட்டுக்காரர்கள் என்றே சொல்லிக்கொள்கிறோம். ரவை கோதுமைதான் என்பதே எங்கள் தெருவில் பாதிப் பேருக்குச் செய்தியாக இருந்தது. “ரவைக்கும் கோதுமைக்கும் என்னங்க சம்பந்தம், அது வெள்ளையா இருக்கே?”

வீட்டைச் சுத்தம் செய்தோம். சப்பாத்திக் கட்டை எதிர்வீட்டுக்குப் போயிற்று. முதல் ஆறு மாதம் பாலும் குறைக்கச் சொன்னார்கள், குடல் தேறும்வரை பால் சரியாகச் செரிக்காதாம். மூத்தவனுக்கும் எங்களுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், யாருக்கும் இல்லை. கேழ்வரகு, கம்பு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி எல்லாமே குளூட்டன் இல்லாதவை என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டு மாவு மில்லுக்குப் போனால் அங்கே அடுத்த பாடம். கேழ்வரகை அரைப்பது கோதுமை மிஷினில்தான். “காலையில மொத ஆளா வாங்க, துடைச்சு அரைச்சுத் தர்றேன்” என்றார் மில்காரர். நல்ல மனிதர். சொன்னபடி ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓடவிட்டு, அதை எடுத்துத் தூர வைத்துவிட்டுத்தான் எங்கள் கேழ்வரகைக் கொட்டினார். மாவு விழும் வாயில் ஒரு துணிக்குழாய் கட்டியிருக்கும் இல்லையா, கடைசியில் அதைக் கையால் பட்பட் என்று தட்டினார். செம்மண் நிறக் கேழ்வரகு மாவின் மேல் வெள்ளையாக ஒரு படலம் இறங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லாமல் பணம் கொடுத்துவிட்டு, அந்த மாவை வழியில் ஒரு மாட்டுக்கார அம்மாவிடம் கொடுத்தேன். அடுத்த மாதம் வீட்டுக்கே ஒரு சின்ன அரவை மிஷின் வாங்கினோம்.

பொட்டலங்களைப் படிப்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. ஆறு புள்ளி எழுத்தில் ஒற்றுப் பிழை பிடிக்கிறவன் நான். ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது கடையெங்கும் கேழ்வரகு பிஸ்கட், தினை பிஸ்கட். முன்பக்கம் கேழ்வரகுக் கதிர் படம், பின்பக்கம் முதல் பெயர் கோதுமை மாவு. எடையில் அதிகமானதை முதலில் போட வேண்டும் என்பது சட்டம். குளூட்டன் இல்லை என்று அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஆனால் கர்வம் இறங்கியது முதல் வருடம் முடிந்தபோதே. பாப்பாவின் எடை ஏறியிருந்தது, ரத்தமும் ஏறியிருந்தது. டிடிஜி மட்டும் பாதிக்குக் கீழே இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. எங்கேயோ கோதுமை போகிறது என்றார் டாக்டர். எங்கள் வீட்டிலா? பள்ளியைச் சந்தேகப்பட்டோம். பெரியம்மாவைச் சந்தேகப்பட்டோம், அதற்குக் காரணமும் இருந்தது. ஒரு கிரகப்பிரவேசத்தில் அவர் கதவுக்குப் பின்னால் வைத்துப் பாப்பாவின் கையில் ஒரு உருண்டை கேசரியைத் திணித்திருக்கிறார். பாப்பாவுக்கு அன்று ஒன்றுமே ஆகவில்லை. வாந்தி இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. “பாத்தியா, சும்மா புள்ளைய வாட்டுறீங்க” என்று அவர் பத்துப் பேர் நடுவில் சொன்னார். ஏதாவது ஆகியிருந்தாலாவது வாதாட வசதியாக இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. தகப்பனுக்குத் தோன்றக்கூடாதது.

கண்டுபிடித்தவள் மனைவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியில் இருந்த அத்தனையையும் தரையில் இறக்கி வரிசையாக வைத்தாள். பெயர் எழுதியது ஒரு பக்கம், எழுதாதது ஒரு பக்கம். எழுதாத பக்கத்தில் கடைசியாக மிஞ்சியது பெருங்காய டப்பா. அம்மாவுடைய பழைய மஞ்சள் தகர டப்பா, எழுத்தெல்லாம் எப்போதோ அழிந்துபோனது. கடையிலிருந்து எது வந்தாலும் அதில்தான் கொட்டுவோம். பொட்டலத்தை அப்போதே தூக்கிப் போட்டுவிடுவோம். மளிகைக் கடைக்குப் போய், நாங்கள் வாங்குகிற பொட்டலத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முதலில் கோந்து. இரண்டாவது கோதுமை மாவு. மூன்றாவதுதான் பெருங்காயம்.

கூட்டுப் பெருங்காயம் என்ற பெயரிலேயே ‘கூட்டு’ இருக்கிறது. இத்தனை வருடம் அந்தச் சொல்லைப் படித்திருக்கிறேன், எதைக் கூட்டினார்கள் என்று கேட்டதில்லை. சுத்தமான பெருங்காயம் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்துச் செடியின் வேரிலிருந்து வடியும் பிசின். அதன் காரம் தாங்காது என்பதால் மாவும் கோந்தும் கலந்து விற்கிறார்கள். சாம்பார் மணக்க நாம் காலகாலமாக இறக்குமதிதான் செய்கிறோம். இமாச்சலில் லாகௌல் பள்ளத்தாக்கில் இதைப் பயிரிட்டுப் பார்க்க ஆரம்பித்ததே 2020-ல்தான்.

உட்கார்ந்து குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டேன். அம்மாவின் கை தாராளம், ஒரு பாத்திரம் சாம்பாருக்குக் கால் ஸ்பூன் விழும், முக்கால் கிராம் வைத்துக்கொள்ளலாம். அதில் பாதி மாவு என்றால், அந்த மாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன். நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒன்பது மில்லிகிராம் சொச்சம். இது சாம்பார் மட்டும். அப்புறம் ரசம், மோர், இட்லிப் பொடி, ஊறுகாய், சுண்டல் தாளிப்பு. தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் போனாலே சீலியாக் உள்ளவரின் குடல் கெடுகிறது என்று ஓர் ஆய்வு இருக்கிறது. நாங்கள் சப்பாத்திக் கட்டையைக் கொடுத்துவிட்டு, சல்லடைக்கு நூல் கட்டிவிட்டு, மூன்று வேளையும் எங்கள் கையாலேயே கோதுமையைத் தூவிக்கொண்டிருந்திருக்கிறோம்.

வாழ்ந்து கெட்ட வீட்டைப் பெருங்காயம் இருந்த டப்பா என்பார்கள். சரக்கு தீர்ந்தாலும் வாசனை போகாது. அம்மா அந்த மஞ்சள் டப்பாவை மூன்று முறை தேய்த்துக் கழுவி, முகர்ந்து பார்த்து, நாலாவது முறை கழுவாமல் குப்பையில் போட்டார். கொஞ்ச நாள் பெருங்காயமே இல்லாமல் சமைத்தோம். “மூக்கில்லாத மூஞ்சி மாதிரி இருக்குடா ரசம்” என்றார். அப்புறம் அரிசி மாவு சேர்த்துச் செய்த பெருங்காயம் ஒன்று கிடைத்தது, அதையும் பொட்டலத்தோடே வைத்திருக்கிறோம். அடுத்த ஆறு மாதத்தில் டிடிஜி சரிபாதி இறங்கியது. அதற்கடுத்த வருடம் சாதாரண அளவுக்கு வந்தது.

பள்ளிக்கூடம் பற்றி எழுத அதிகம் இல்லை. யார் பிறந்தநாளுக்கு கேக் வந்தாலும் அவளுக்கென்று டீச்சர் அலமாரியில் ஒரு டப்பா எள்ளுருண்டை இருக்கும். முதல் வருடம் அழுதாள், இரண்டாவது வருடம் மற்ற பிள்ளைகள் எள்ளுருண்டை கேட்டு அழுதார்கள்.

ஆடிப்பெருக்கைத்தான் சொல்ல வேண்டும். பதினெட்டாம் பெருக்கன்று அம்மா மண்டபம் படித்துறையில் ஊரே சித்ரான்னத்தோடு உட்கார்ந்திருக்கும். புளியோதரையில் நிலக்கடலையும் இருக்கும், பெருங்காயமும் இருக்கும், பாம்பும் கரையானும் ஒரே உருண்டையில். போதாக்குறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற முன்பின் தெரியாத குடும்பம் கூட ‘இந்தாடா கண்ணு’ என்று ஒரு கை சோற்றை நீட்டும். அன்றைக்கு ஒரு நாள்தான் பிளாஸ்க் என் தோளைவிட்டு இறங்காது. எங்கள் வீட்டிலேயே புளியோதரை செய்கிறோம், கடலைக்குப் பதில் வறுத்த கடலைப்பருப்பு போட்டு. அம்மா அதையே படித்துறையில் எல்லோருக்கும் உருட்டிக் கொடுக்கிறார். கொடுத்துக்கொண்டே இருக்கிற கையிடம் வாங்கிக்கொள்ளச் சொல்லி யாரும் எதையும் நீட்ட முடிவதில்லை. இது அம்மா கண்டுபிடித்த உத்தி.

போன வைகாசியில் லால்குடி பக்கம் ஒரு கல்யாணம். பந்திக்கு முன்னால் பாப்பாவைக் காணோம். தேடிக்கொண்டு போனால், மண்டபத்துக் கொல்லைப்புறத்தில், கோட்டை அடுப்புக்குத் தள்ளி, சமையல்காரர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அறுபது வயது இருக்கும் அவருக்கு, இடுப்பில் ஈரத் துண்டு.

“தாத்தா, சாம்பாருக்குப் போட்ட பெருங்காய டப்பாவைக் கொஞ்சம் காட்டுறீங்களா?”

“எதுக்கு பாப்பா?”

“அதுல மைதா இருக்கான்னு பார்க்கணும்.”

“பெருங்காயத்துல ஏது பாப்பா மைதா?” சிரித்துக்கொண்டே சாமான் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். அவள் திருப்பி, என்னைப் போலவே கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். பிறகு விரலை வைத்து அவரிடம் காட்டினாள். அவர் டப்பாவை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் வைத்து, பையனைக் கூப்பிட்டு மூக்குக்கண்ணாடி எடுத்துவரச் சொல்லிப் படித்தார்.

“முப்பது வருஷமா கொட்டிக்கிட்டிருக்கேன்” என்றார், யாரிடமும் இல்லாமல்.

பந்தியில் அவள் இலையில் நாங்கள் கொண்டுபோன சோறும் குழம்பும் இருந்தது. பரிமாறுகிறவர்கள் ஒவ்வொருவராக நின்று கேட்க, அம்மா ஒவ்வொருவருக்கும் கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தார். அப்போது அந்தச் சமையல்காரரே அடுப்படியிலிருந்து வந்தார். கையில் சீப்பிலிருந்து பிய்த்த ஒரு பூவன் பழம், தோலோடு. குனிந்து இலையின் ஓரத்தில் வைத்துவிட்டு, “இதுல ஒண்ணும் எழுதல பாப்பா, நான் பாத்துட்டேன்” என்றார்.

பாப்பா முதலில் அதைத்தான் உரித்தாள்.

“எந்த ஊர்லடி பந்தியில மொதல்ல பழத்தைத் திம்பாங்க?” என்றார் அம்மா.